தானாக அணைகிறது

உயிரோடு இருந்தவரை தம்பி அவளை ஒரு நாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. 'ஏய்' என்பான், 'பெருசு' என்பான், காரியம் ஆக வேண்டுமென்றால் 'மேடம்' என்பான். அதனால், அவனை அடக்கம் செய்த மறுவாரம், அவனுடைய ஹெட்போனுக்குள்ளிருந்து அவனுடைய குரலிலேயே "அக்கா" என்று கேட்டபோது அவளுக்குப் பயத்துக்கு முன்னால் சிரிப்புதான் வந்தது. செத்த பிறகுதான் இந்தக் கழுதைக்கு மரியாதை வந்திருக்கிறது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே அழுதாள்.

அவன் உயிர் போனதும் அவள் இப்போது உட்கார்ந்திருந்த இதே நாற்காலியில்தான், இதே ஹெட்போனோடுதான். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அந்தச் சின்ன வயதில் ஏன் நின்றது என்று கேட்டதற்கு அவர் மேசையைப் பார்த்தார். அவன் கடைசியாக ஆடிய கேமை ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். அந்தக் கேமுக்குள் முன்பு அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு வீடு கட்டியிருந்தார்கள். இதே வீடு. இரும்புக் கேட், முன்கதவு, வளைந்து ஏறும் மாடிப்படி, மேலே இந்த அறை. வீட்டைச் சுற்றிக் காடும் மூடுபனியும். அந்தப் பனிக்குள், கேமில் அவனாக நடமாடும் பொம்மை நீலச் சட்டையோடு, முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தது.

"அக்கா, வீட்டுக்கு வழி தெரியல. நீ முன்னாடி போ. நான் பின்னாடியே வரேன்."

அவள் நடந்தாள். பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கூடவே வந்தது. கேட்டைத் தாண்டி, முன்கதவைத் திறக்கப் போன நேரத்தில் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்துவிட்டது.

அவளுக்கு வேலையே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில்தான். 'கேம் ஆடும்போது தானாக அணைகிறது' என்று தினமும் ஒருவராவது வந்து நிற்பார். பெரும்பாலும் சூடுதான் காரணம். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பஞ்சாய் அப்பியிருந்த தூசியை ஊதித் தள்ளினாள். சிப்பின் மேல் காய்ந்து கிடந்த, சூட்டை வெளியே கடத்தும் பேஸ்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினாள். ஃபேனை மாற்றினாள். சூடேற்றிப் பார்க்கும் சோதனையைக் காலை முழுக்க ஓடவிட்டாள். கம்ப்யூட்டர் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் ஓடியது. கேமைப் போட்டால் மட்டும் அணைந்தது. அதுவும் அந்தக் கதவருகில் போனால் மட்டும்.

ரேம் மெமரியை மாற்றினாள். கடையிலிருந்து புது பவர் சப்ளை கொண்டுவந்து மாட்டினாள். ஒவ்வொரு முறையும் அதே பனி, அதே சருகுச் சத்தம், அதே குரல். குரல் மட்டும் நாளுக்கு நாள் நெருங்கி வந்தது. "குளிருது அக்கா. சீக்கிரம் கதவைத் திற." பேச்சுக்கு நடுவே மூச்சு விடும் சத்தம் இல்லையே என்று ஒருமுறை தோன்றியது. மைக் மோசம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தீய்ந்த வாடை வருகிறதா என்று தொழில் பழக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தாள். தீய்ந்த வாடை இல்லை. புதிதாகத் தோண்டிய ஈரமண்ணின் வாடை அடித்தது. அணைவதற்குச் சற்று முன்னால் முழங்காலுக்குப் பக்கத்தில் டிக் டிக் என்று எதுவோ கேட்பதும் உண்டு. அதையும் பவர் சப்ளையின் கணக்கில் எழுதிவிட்டாள்.

ஒரே ஒரு தடவை அந்தப் பொம்மை இந்தப் பக்கம் திரும்பினால் போதும். அவன் முகத்தைப் பார்த்து, போய்வா என்று சொல்ல வேண்டும். அதற்காக இந்த வீட்டையே விற்கச் சொன்னாலும் விற்றிருப்பாள்.

கீழே அம்மா முன்கதவைத் தாழ்போடுவதையே விட்டுவிட்டாள். பகலெல்லாம் கதவுக்கு எதிரே உட்கார்ந்து அழைப்பு மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணியடிப்பதில் அவனுக்கு ஒரு கிறுக்குத்தனம் உண்டு. டக் டக் என்று சின்னதாக இரண்டு, அப்புறம் விரலை எடுக்காமல் நீளமாக ஒன்று. யாராவது வந்து திறக்கும்வரை விடமாட்டான். வெளியே போனால் லிஃப்ட் பொத்தானையும் அப்படித்தான் அமுக்குவான். "மணிக்கு வாய் இருந்தா அழும்டா" என்று இவள்தான் ஓடிவந்து திறப்பாள். 'அதான் வந்துட்டியே மேடம்' என்பான்.

அன்று மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கடை முதலாளிக்கு போன் போட்டாள்.

"எல்லாத்தையும் மாத்திட்டேன் சார். என்ன பண்றதுன்னே தெரியல."

"பவர் பட்டனைப் பாத்தியாம்மா?"

அவள் குனிந்து பட்டனைப் பார்த்தாள்.

"பட்டன் உள்ள சிக்கிட்டா, யாரோ அமுக்கிப் பிடிச்ச மாதிரிதான். நாலஞ்சு செகண்டுல அணைஞ்சிரும். ஒயரைப் பிடுங்கி விடு. அது மாட்டியிருந்த ரெண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவரால சேத்துத் தொட்டு ஸ்டார்ட் பண்ணு."

"இதை எப்படி சார் விட்டேன்?"

"சொந்த வீட்டு மெஷின்னா கண்ணு மறைக்கும்மா. லீவு போட்டது போதும், கடைக்கு வந்துரு."

பட்டனிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய ஒயர் அது. பிடுங்கினாள். ஒயர் தகட்டுக்கு வெளியே தொங்கியது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரண்டு பின்களைத் தொட்டதும் ஃபேன்கள் சுழன்றன. ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

பனி. சருகு. கேட். ஜன்னலில் மழை அறையத் தொடங்கியது. கதவருகில் போனாள். காத்திருந்தாள்.

அணையவில்லை.

ஐயோ, அணையவில்லை! கதவைத் திறந்தாள்.

பொம்மை அவளைத் தாண்டி உள்ளே போனது. முதல்முறையாக அவளுக்கு முன்னால். அது திரும்பவே இல்லை.

"போதும் அக்கா. இனிமே எனக்கே வழி தெரியும்."

திரையில் வெறும் கூடம். பொம்மையைக் காணோம். சருகுச் சத்தம் இல்லை. காதுக்குள் எதுவுமே இல்லை.

ஹெட்போனைக் கழற்றினாள்.

கீழே முன்கதவின் கீல் கிறீச்சிட்டது. நாற்காலி நகர்ந்தது. பிறகு அம்மாவின் குரல். இத்தனை நாளாக அவள் கேட்காத, மலர்ந்த குரல்.

"வந்துட்டியாடா? என்னடா இப்படி நனைஞ்சிருக்க! அக்கா மேலதான் இருக்கா. போ."

டிக் டிக்.

முழங்காலுக்குப் பக்கத்தில். குனிந்து பார்த்தாள். பவர் பட்டன் உள்ளே போய் வெளியே வந்தது. மறுபடி போய் வந்தது. பிறகு மெதுவாக உள்ளே அழுந்தி, அப்படியே நின்றது. வெகுநேரம் கழித்து வெளியே வந்தது.

சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று.

அவளுக்குப் புரிந்துவிட்டது. எதுவும் சிக்கவில்லை. எதுவும் கெட்டுப்போகவில்லை. பனிக்குள்ளிருந்து அக்கா என்று கூப்பிட்டது தம்பியே இல்லை. அந்தக் கதவை அவள் திறக்கப் போனபோதெல்லாம் அவன்தான் இங்கே, அவள் காலடியில் உட்கார்ந்து, அமுக்கிப் பிடித்து அணைத்திருக்கிறான். அந்த ஒயரைத்தான் அவள் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டிருக்கிறாள்.

"டேய்... டேய், மன்னிச்சுக்கோடா..."

ஒயரை எடுத்தாள். ஊசிமுனை போன்ற பின்கள். அவற்றின் மேல் வைத்தாள். நழுவியது. மறுபடி வைத்தாள். நழுவியது. விட்டுவிட்டுச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடித்து இழுத்தாள்.

திரை இருண்டது. ஃபேன்கள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன.

மாடிப்படியில் காலடிச் சத்தம் ஓயவில்லை. ஈரக் கால்கள். நிதானமாக. படி வளையும் இடத்தையும் தாண்டியாயிற்று. கதவிடுக்கு வழியாக ஈரமண் வாடை வந்தது.

"அம்மா!" என்று கத்தினாள். கீழிருந்து பதில் இல்லை.

பட்டன் அடித்துக்கொண்டது. இரண்டு. நீளம். இரண்டு. நீளம். ஒயர் எதிலும் மாட்டாமல் தொங்கியது.

கதவுக்கு வெளியே காலடி நின்றது.

"அக்கா."

கைப்பிடி திரும்பியது. அவள் தரையில் சரிந்து, பட்டனின் மேல் தன் விரலையும் வைத்தாள். அங்கே ஏற்கெனவே இருந்த ஒரு விரல், சில்லென்று, அவள் விரலோடு சேர்ந்து அமுக்கியது. உள்ளே போன பட்டன் வெளியே வரவேயில்லை.