கட்டி வைத்த மிதவை

மண்டபத்துக் கடைக்காரர் வாவு முகம்மது ஒரு சாக்கு மூட்டையோடு பெரியபட்டினத்தில் வந்து இறங்கியபோது மதிய லுஹர் தொழுகை முடிந்து தெருவே கண்ணயர்ந்திருந்தது. காலிதாவின் வீட்டு வாசலில் அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அதைத் தாண்டி அவர் வரக்கூடாது. காலிதா இத்தாவில் இருந்தாள். புருஷன் மவுத்தாகிப் போனபின், அதாவது இறந்தபின், பெண் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் இருக்கிற காலம் அது. கதவுத் திரைக்கு உள்ளே அவள், வெளியே கடைக்காரர். இரண்டு பக்கமும் போய் வர அவளுடைய ஒரே தம்பி ஹமீது சுல்தான்.

மூட்டையில் இருந்தவை படகில் தண்ணீர் இறைக்கிற பம்புகளும், அவற்றைத் தானாக ஓடவைக்கிற மிதவை சுவிட்சுகளும்.

மரப்படகு என்றால் கசிவு இருக்கத்தான் செய்யும். அடியில் தண்ணீர் சேர்ந்தால் மிதவை எழும்பும். எழும்பினால் பம்பு ஓடும். தண்ணீர் வடிந்தால் மிதவை படுத்துவிடும், பம்பும் நின்றுவிடும். சங்கதி இவ்வளவுதான். இந்த அற்ப சங்கதி ஒருநாள் நடக்காமல் போனதால்தான் காலிதாவின் புருஷன் சதக்கத்துல்லா போய்ச் சேர்ந்தான். காற்று கிளம்பிய ஒரு சாயங்காலம், நங்கூரத்தில் கிடந்த படகை ஒதுக்கமான இடத்தில் விட்டுவிட்டு வருகிறேன் என்று தனியாகப் போனவன் அவன். மறுநாள் தீவோரம் படகு கிடந்தது, விளிம்புவரை தண்ணீரோடு. அவன் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, உடல் இல்லாமலே ஜனாஸா என்கிற இறுதித் தொழுகையைத் தொழுதார்கள்.

காலிதா அழவில்லை. அழக்கூடாது என்றில்லை, வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல அவளுக்கு உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. சோறு வைத்தால் தின்றாள், பாய் போட்டால் படுத்தாள். இத்தனை நாளில் அவள் வாயிலிருந்து கறாராக வந்த வார்த்தை ஒன்றே ஒன்று. மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் படகை நான்தான் ஓட்டப்போகிறேன் என்று ஹமீது வந்து நின்றபோது அவள் சொன்னது அது.

"சுவிட்ச நான் பாக்கணும். நான் பாத்து ஒப்புக்கிட்டாத்தான் நீ கடலுக்குப் போவணும்."

அதனால்தான் இந்த ஏற்பாடு.

வாவு முகம்மது வாயைத் திறந்தால் பாங்குச் சத்தம் கேட்டால்தான் மூடுவார். திரைக்கு வெளியே இருந்தபடி ஒவ்வொன்றாக எடுத்து ஹமீதிடம் கொடுத்துக்கொண்டே பேசினார்.

"இது தொங்குற பந்தும்மா. வீட்டு மேல்தொட்டிக்குச் சரி, ஆடுற படகுக்கு ஆவாது. இது கீல் வச்ச மிதவை, ஊரே இதத்தான் போடுது. ஆனா கீழ ஒரு நூலு, ஒரு செதிலு சிக்குனாப் போதும், எந்திரிக்காம கெடந்துரும். இந்தா, இது கூண்டு வச்சது. மிதவை உள்ளுக்குள்ள இருக்கு. தண்ணி மட்டும்தான் போவும். ஒரு விரலு போவாது."

திரைக்கு உள்ளே முற்றத்தில் அலுமினிய அண்டா இருந்தது. படகு பேட்டரியைக் கொண்டுவந்து வைத்து, பம்புக்குப் பதிலாக ஒரு சின்ன பல்பை ஹமீது மாட்டியிருந்தான். சுவிட்சை அண்டாவில் வைத்துக் குடத்துக் கடல்தண்ணீரை ஊற்றினால் பல்பு எரியவேண்டும். வடித்தால் அணையவேண்டும். சதக்கத்துல்லா எப்போதும் இப்படித்தான் சோதிப்பான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றியவள் காலிதா.

கூண்டு வைத்தது பிசகவே இல்லை. அண்டாவைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், நூலையும் மீன் செதிலையும் அள்ளிப் போட்டுப் பார்த்தாள்.

"இதப் போடு" என்றாள்.

ஹமீது கடைக்காரரை அனுப்பிவைக்கப் போனான். முற்றத்து மூலையில் ஒரு பொட்டலம் கிடந்தது. பிரித்தாள். படகிலிருந்து கழற்றிய பழைய சுவிட்சு. மிதவையை அடியோடு சேர்த்து வலைநூலால் கட்டியிருந்தது.

அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. படகு நங்கூரத்தில் கிடக்கும்போது அலையாட்டத்தில் மிதவை சும்மா சும்மா எழும்பிப் பம்பு ஓடும், பேட்டரி இறங்கிவிடும். அதற்காக எல்லாருமே அதைக் கட்டிவைப்பார்கள். கடலுக்குப் போகும்போது அவிழ்த்துவிட வேண்டும். காற்று கிளம்பிய அன்றைக்கு அவசரத்தில் சதக்கத்துல்லா அவிழ்க்கவில்லை. ஹமீதுக்கும் அதை அறுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது.

நூலை இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகியிருந்தான். சதக்கத்துல்லாவின் முடிச்சேதான். காலிதா அரிவாள்மனையில் வைத்து அறுத்தாள். பழைய சுவிட்சைப் பல்போடு இணைத்து, துடைத்துக் காய்ந்திருந்த அண்டாவுக்குள் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

கடல் சேற்றின் வாடை வந்தது.

மிதவை எழும்பியது.

பல்பு எரிந்தது.

அண்டாவில் சொட்டுத் தண்ணீர் இல்லை. விரலால் மிதவையை அமுக்கினாள். தண்ணீருக்குள் குடத்தை அமுக்கினால் எப்படி எதிர்த்துத் தள்ளுமோ அப்படித் தள்ளியது. விரலை எடுத்ததும் மறுபடி எழும்பி நின்றது.

"உள்ள ஸ்பிரிங்கு போயிருக்கும் லாத்தா" என்றான் ஹமீது, திரும்பி வந்து பார்த்துவிட்டு. அதில் ஸ்பிரிங்கே கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். அவன் பேட்டரியை மட்டும் கழற்றிக்கொண்டு போனான். பல்பு அணைந்தது. அவள் பயப்பட்டிருக்க வேண்டும். பயம்கூட அவளுக்கு மரத்துப்போயிருந்தது.

தடைக்காலம் முடிந்து படகு இறங்கியது. "போயிட்டு வாரேன் லாத்தா" என்று திரையை விலக்கிச் சொல்லிவிட்டு ஹமீது படகு ஆட்களோடு போனான். அன்று சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு மேற்கிலிருந்து கச்சான் காற்று சீறிக்கொண்டு கிளம்பியது. முற்றத்தில் காய்ந்த துணிகளை எடுக்க வந்த காலிதா அப்படியே நின்றாள்.

பல்பு எரிந்துகொண்டிருந்தது.

பேட்டரி படகில் இருக்கிறது. வயரின் இரண்டு முனைகளும் தரையில் சும்மா கிடந்தன.

அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். இப்போது தண்ணீர் இருந்தது. கலங்கிய தண்ணீர், டீசல் மினுக்கத்தோடு. பார்க்கப் பார்க்க ஏறியது. மிதவை அதன்மேல் ஆடியது, அலையில் ஆடுவதுபோல.

ஹமீதின் படகு தண்ணீர் வாங்குகிறது. யாரும் சொல்லாமலே அவளுக்கு அது விளங்கிவிட்டது. வெளியே ஓட முடியாது. ஓடினாலும் நடுக்கடலில் இருப்பவனுக்கு யார் போய்ச் சொல்வது? செம்பை எடுத்தாள். மொண்டு மொண்டு முற்றத்துத் துவாரத்தில் ஊற்றினாள். கை ஓய்ந்தால் தண்ணீர் விளிம்பைத் தொட வந்தது. இறைத்தால் இறங்கியது.

சதக்கத்துல்லாவின் உம்மா, உம்மு ஹபீபா, உள்ளே தொழுதுவிட்டு வந்தவள் இதைப் பார்த்தாள்.

"யாருக்கும்மா தண்ணி எறைக்கிறே?"

"தம்பிக்கு மாமி."



அந்தியில் மஃரிபு பாங்கு சொல்லும்போது தண்ணீர் சட்டென்று வற்றியது. மிதவை படுத்தது. பல்பு அணைந்தது. காலிதா தோள் வலியோடு சுவரில் சாய்ந்தாள்.

இருட்டத் தொடங்கியபோது ஹமீது வந்தான், சொட்டச் சொட்ட நனைந்து, உதடு வெளுத்து.

"பலகை விட்டுப்போச்சு லாத்தா. பம்பு ஓடவே இல்ல. வயரு எங்கனயோ கழண்டுருச்சு. இஞ்சின் முங்கப் போவுது, மவுத்துதான்னு கலிமா சொல்லிக்கிட்டோம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "தண்ணி தானா எறங்குச்சு. செம்பு செம்பா மொள்ளுற சத்தம் கேட்டுச்சு. எங்க யாரு கையிலயும் செம்பு இல்ல."

தம்பியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள் காலிதா. எத்தனையோ நாளாகச் செத்துக் கிடந்த அவள் விரல்களில் அந்தக் குளிர் உறைத்தது. உயிரோடு வந்துவிட்டான். அழுகை வரும்போலிருந்தது, வரட்டும் என்று விட்டாள்.

அவன் தோளுக்குப் பின்னால் முற்றம் வெளிச்சமானது.

பல்பு.

அண்டாவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கலங்கல் இல்லை, டீசல் இல்லை. தெளிந்த, ஆழத்துத் தண்ணீர்.

"நான் இங்கனதானே நிக்கிறேன்" என்று முணுமுணுத்தான் ஹமீது. "படகும் கரையில கெடக்கு. பெறகு இது யாருக்கு?"

உம்மு ஹபீபா மெல்ல வந்து குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"எம்புள்ள இன்னும் மேல வரலயா" என்றாள்.

அடுப்படிக்குப் போய் ஒரு கிண்ணத்தை எடுத்துவந்து அண்டாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். காலிதா செம்போடு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். இருவரும் மொண்டு மொண்டு ஊற்றினார்கள்.

விடிகாலை ஸுபுஹுக்குப் பாங்கு சொன்னபோதும் தண்ணீர் அதே அளவில்தான் நின்றது.