நான்கு பெயர் ஏற்றம்

இங்கே தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் சைக்கிள்களுக்குப் பளு ஏற்றுவார்கள், அக்கா. கல்லும் இல்லை, மூட்டையும் இல்லை. பெயர்கள். மலைமேல் யாரை அழைத்துக்கொள்ள விரும்புகிறோமோ அவர்களின் பெயரை முகாம் ஆட்கள் கைப்பிடித் திரையில் பதிவு செய்வார்கள். ஒரு பெயருக்கு ஒரு இறுக்கு, பின்சக்கரத்தின் பளுப்பொறி இறுகும். என் சக்கரத்தில் நான்கு: அம்மா, அப்பா, நீ, உன் மகன் ரெக்சன்.

கடல் ஊருக்குள் வந்த பிறகு மேல்நகரத்தின் விதி இதுதான். பதினொரு கிலோமீட்டர் ஏற்றம். உச்சி சேரும்போது சக்கரத்தில் இருக்கும் பெயர்களுக்கு மட்டும் மேலே இடம். கால் தரையில் பட்டால் அந்த முயற்சி முடிந்தது. மொத்தம் மூன்று முயற்சிகள். இரண்டு தடவை ஏழாவது வளைவில் நான் விழுந்ததை உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. இன்று மூன்றாவது.

சைக்கிள் பழகியே இரண்டு மாதம்தான். பக்கத்தில் கிளம்பிய நசீமாவின் சக்கரத்தில் அவள் தம்பி பெயர் மட்டும். அடிவாரத்திலேயே என்னைத் திட்டினாள்.

"ஏட்டி ஜெனிட்டா, இப்பவே கியர லேசாக்கு. மேட்டுல போய் மாத்துனா செயின் கழண்டுரும். வீரம் காட்டாத."

மாற்றினேன். ஆறு வளைவுகள் வந்துவிட்டன. ஏழாவதில் கணவாய் திறந்தது. காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது.

காலையில் போனில் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. "எதிர்காத்துல நேரா போனா படகு நின்னுரும் மக்ளே. குறுக்க ஓடு. அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் ஓட்டு."

ஓட்டினேன். சாலையின் இந்த ஓரம், அந்த ஓரம்.

"என்னட்டி, நண்டு மாதிரி போற!" முன்னால் போன நசீமா திரும்பிப் பார்த்துக் கத்தினாள். "குனிஞ்சு நேரா மிதி!"

நான் கேட்கவில்லை. அப்பா முப்பது வருடம் கடலில் காற்றோடு மல்லுக்கட்டியவர். ஆனால் படகுக்குப் பாய் இருந்தது, அக்கா. எனக்கு இருந்தது இரண்டு கால். ஒவ்வொரு குறுக்கு ஓட்டத்திலும் காற்று விலாவில் அறைந்தது, தூரம் கூடியது. ஒன்பதாவது கிலோமீட்டரில் தொடை இரண்டும் மரத்துப்போயின.

"வேகம் குறைகிறது. பெயர் நீக்கலாம்," என்றது திரை.

"வேண்டாம்."

"வேகம் குறைகிறது. பெயர் நீக்கலாம்."

"வேண்டாம்னு சொல்றேன்ல!"

முன்சக்கரம் ஆடியது. இடது கால் தானாகவே தரையைத் தேடியது. விழுந்தால் நான்கு பேருமே இல்லை. ரெக்சனுக்கு ஆறு வயது. நீயில்லாமல் அவன் இல்லை. அம்மாவுக்கு மூச்சிரைப்பு, அந்த ஈரத்தில் இன்னொரு மழைக்காலம் தாங்காது. மிச்சம் இருந்தது ஒரு பெயர்தான். நீக்குவதற்கு அதை முழுதாகச் சொல்ல வேண்டும்.

"மிக்கேல்."

அப்பாவை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

பளுப்பொறி ஒரு சொடுக்கில் தளர்ந்தது. அடுத்து நடந்ததை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். என் காலுக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. நெஞ்சு வெடித்துக்கொண்டிருந்தபோதும் கால் சந்தோஷமாக மிதித்தது. மேலே வந்துவிட்டேன். நசீமா என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளிடமும் சொல்லவில்லை.

இதைப் போனில் வாயால் சொல்லி எழுத்தாக்கி அனுப்புகிறேன். வியாழக்கிழமை உங்களை ஏற்றிக்கொள்ள வரும்போது படகுத்துறையில் மூன்று பெயர்தான் வாசிப்பார்கள். அதற்கு முன் நீ அவரிடம் சொல்லிவிடு. என்னால் முடியவில்லை. ஏறி முடித்த செய்தி மட்டும் அவருக்குப் போயிருக்கிறது. சற்றுமுன் குரல்செய்தி அனுப்பியிருக்கிறார், மூன்று தடவை கேட்டுவிட்டேன்.

"ஏறிட்டியா மக்ளே! குறுக்க ஓட்டுனியா? நான் சொன்னேன்ல!"

ஆமாம்ப்பா என்று பதில் அனுப்பிவிட்டேன்.