இடது பக்க இயர்போன்

எனக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் வைத்துப் போனது. வலது காது ஒன்றை வைத்துக்கொண்டு காரைக்குடியில் கேசட் கடை நடத்துகிறவன் நான். பாட்டுப் பதிவு செய்து கொடுப்பேன், வாக்மேன் விற்பேன், இயர்போன் விற்பேன். ஜோசப் ராஜ் கடையில் வாங்கினால் இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பாடும் என்று ஒரு பேர் இருந்தது. இருக்கிற ஒரு காதும் போனால் நான் நடுத்தெருவில்தான் என்று என் மனைவி அனிதாவிடம் அடிக்கடி சொல்லிக் கேலி செய்வேன். கேலி செய்த வாயைக் கழுவ வேண்டும்.

தொண்ணூற்றாறாம் வருஷம். கோட்டையூர் முத்துராமன் செட்டியார் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி நிறைய இயர்போன் கொண்டுவந்து, தன் பழைய வீட்டில் இறக்கிவிட்டு மதராஸ் போயிருந்தார். காதுக்குள்ளேயே செருகிக்கொள்ளும் சின்ன வகை. மலிவு விலை. மலிவு என்றாலே எனக்குச் சந்தேகம். சோதித்துப் பார்க்காமல் ஒன்றைக்கூட எடுக்க மாட்டேன் என்று அவரிடம் போனில் சொல்லிவிட்டு, வாக்மேனைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சேவுகன் கதவைத் திறந்தார். முற்றத்தில் காக்காய்க் கூட்டம். அந்த இரைச்சலில் எதைக் கேட்பது?

"சத்தமில்லாத இடமா ஒண்ணு வேணும்ணே."

"அங்குட்டு உள் வளவுல போயி உக்காருங்க. ஒரு ஈ, எறும்பு கத்தாது. நான் டீ வாங்கியாறேன்."

உள் வளவு என்கிற உள்கட்டு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு பூட்டு. ஒரு கதவில் மட்டும் பூட்டு இல்லை. சரி, காலி அறை என்று நினைத்துக் கதவைத் தள்ளினேன். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்?

ஜன்னல் இல்லாத அறை. கதவு வழியாக வந்த வெளிச்சம் தரையில் ஒரு முழம் வந்து நின்றுகொண்டது. பூண்டு, சுக்கு, நல்லெண்ணெய் வாசனை. பிள்ளை பெற்ற வீட்டு வாசனை. போன வருஷம் மகள் ஜெரினா பிறந்தபோது எங்கள் வீடும் இப்படித்தான் மணத்தது. எத்தனையோ காலமாக ஆள் புழங்காத அறையில் இது எப்படி என்று அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் வயர். மெல்லிசுதான், ஆனால் வாக்மேனில் செருகும் பின்னோடு சேரும் இடத்தில் ரப்பர் போட்டு இறுக்கியிருந்தான். பிளாஸ்டிக் ஒட்டிய விளிம்பு கொஞ்சம் காதை அறுத்தது. அடுத்து சத்தம். அதற்கென்று என்னிடம் ஒரு கேசட் உண்டு. ஜெரினாவைத் தூங்க வைக்க அனிதா பாடும் தாலாட்டு. நடுவில் பிள்ளையின் கொலுசு, தூரத்தில் மாதா கோயில் மணி. மட்டமான இயர்போனில் அந்த மணி தகரத்தைத் தட்டினது போல விழும்.

இதில் மணி நிறைவாக விழுந்தது. கொலுசு கொஞ்சம் கரகரப்பு. அனிதாவின் குரலோ பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது மாதிரியே இருந்தது. மொத்தமாக எடுத்துவிடலாம் என்று மனசுக்குள் குதித்தேன்.

நான் ஒற்றைக் காதுக்காரன். ஒரு பக்கத்தை வலது காதில் செருகினால் மறுபக்கம் சும்மா தொங்கும்.

அன்றைக்கு அது தொங்கவில்லை.

வயர் என் இடது பக்கமாக விறைப்பாக நீண்டிருந்தது. அதன் நுனி, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் காது இருக்கும் உயரத்தில், இருட்டுக்குள் நின்றது.

எங்கேயாவது மாட்டியிருக்கும் என்று லேசாக இழுத்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்தும் லேசாக இழுத்தார்கள்.

மாதாவே, மாதாவே என்று வாய் முணுமுணுத்தது. விரலை நகர்த்தி வாக்மேனை நிறுத்தினேன். தாலாட்டு நின்றது.

நின்ற வாக்மேனிலிருந்து, வலது காதுக்குள், ஒரு பெண் மூச்சு விட்டாள்.

"நிறுத்தாதீக. பிள்ளை இப்பத்தான் கண் அசருது."

இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினேன். முற்றத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், வாக்மேனோடு இயர்போனும் சேர்ந்தே வந்திருந்தது. இடது பக்கத்தைத் தொட்டால் இளஞ்சூடு. விரலில் நல்லெண்ணெய் ஒட்டியது.

டீயோடு வந்த சேவுகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்த அறைக்குள்ள போனீக?" என்றார்.

"பூட்டில்லாத அறைண்ணே. காலியா இருக்குன்னு..."

"அட கடவுளே. வளவுலதானே உக்காரச் சொன்னேன்?" டீயைக் கீழே வைத்துவிட்டார். குரல் இறங்கிப்போனது. "இந்த வீட்ல கல்யாணம் ஆனவுக ஒவ்வொருத்தருக்கும் ஒரு அறை. வெளிய போகையில அவுகவுக பூட்டைப் போட்டுட்டுப் போயிருவாக. பூட்டு தொங்குனாத்தான் ஆள் இல்லேன்னு அர்த்தம்."

"பூட்டு இல்லேன்னா?"

"ஆள் உள்ள இருக்காகன்னு அர்த்தம்ணே."

அவர் அறைப் பக்கம் திரும்பவே இல்லை. "நீலாயதாட்சி ஆச்சி. பிரசவத்துல பிள்ளையோட அந்த அறையிலயே போயிட்டாக. அதுக்கப்பறம் எத்தனையோ பூட்டுப் போட்டுப் பாத்தாச்சு. விடிஞ்சா பூட்டு வாசப்படியில கிடக்கும்."

அந்தப் பெட்டியை நான் வாங்கவில்லை. சோதித்த இயர்போனை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். கேசட்டை வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் போட்டேன்.

ஆனாலும் அன்றிலிருந்து வலது காது மங்க ஆரம்பித்தது. மதுரைக்குப் போய் டாக்டரிடம் காட்டினேன். காதில் ஒரு குறையும் இல்லை என்றார். கடையில் வாடிக்கையாளர் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. கடை போனால் போகட்டும், வேறு பிழைப்புப் பார்க்கலாம். ஜெரினா இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. அவள் அப்பா என்று சொல்வதைக் கேட்கும் வரைக்குமாவது இந்தக் காது தாங்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் அழுதேன்.

வலது காது முழுசாக அடங்கிய அன்று இடது காது திறந்தது.

அதில் தாலாட்டு கேட்டது. அனிதாவின் தாலாட்டுதான். குரல் அனிதாவுடையது இல்லை.

பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் ஜெரினாவைத் தூக்கித் தோளில் போட்டேன். ஒருநாளும் தோளில் தலை சாய்க்காத பிள்ளை, தன் காதை என் இடது காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. வலது தோளுக்கு மாற்றினால் முகம் சிவக்க அழுதது. மறுபடி இடது பக்கம் வந்ததும் சிரித்தது. அனிதா எதிரே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. ஜெரினா தலையைத் தூக்கி என் காதுக்குள் உற்றுப் பார்த்தாள். அவளுடைய முதல் சொல் என் இடது காதில் அத்தனை தெளிவாகக் கேட்டது.

"அம்மா."

அனிதா முகமெல்லாம் சந்தோஷமாகக் கையை நீட்டினாள். பிள்ளை அவள் பக்கம் திரும்பவே இல்லை.