மூச்சு முட்டிய வேன்

சாம்சுந்தரின் வேன் டீசலை மடக் மடக்கென்று குடிக்கும். ஆனால் சின்ன மேட்டைக் கண்டாலும் முனகும். எம். புதுப்பட்டியிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் வேன் அது. இப்படியே குடித்தால் அடுத்த மாதம் இந்த ட்ரிப்பை வேறு வேனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டுக்கு வருமானமே அந்த ஒரு ட்ரிப்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் சாம்சுந்தர் வேனுக்கு அடியில் படுத்துவிட்டார். மைலேஜ் கூட என்னென்ன செய்யலாம் என்று செல்போனில் யாரோ சொன்னதையெல்லாம் செய்தார். ஏர் பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தார். டயருக்குக் காற்று அடித்தார். கடைசியில், சைலன்சர் வாயில் இருந்த கம்பி வலையைக் கழற்றி ஓரமாக வீசினார்.

அப்புறம் பார்க்கவேண்டுமே! வேன் முனகவே இல்லை. சாம்சுந்தருக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் மகள் பெர்சிஸை அழைத்து, இன்ஜினை உறுமவிட்டுக் காட்டினார்.

பெர்சிஸ் ஐந்தாம் வகுப்பு. எதையும் உற்றுப் பார்க்கிற பிள்ளை. சைலன்சரிலிருந்து சிவப்பாக ஒரு புள்ளி துள்ளி விழுந்து அணைந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"அப்பா, பொறி பறக்குது."

வெயில் கண்ணில் பட்டிருக்கும் என்று அப்பா சிரித்தார். பெர்சிஸ் வாதாடவில்லை. வீட்டுக்குள் ஓடி ஒரு பழைய காலண்டர் தாளை எடுத்து வந்தாள். காலண்டர் அச்சடிக்கிற சிவகாசிப் பக்கம் காலண்டருக்கா பஞ்சம்? தாளை ஒரு ஸ்டூலில் கட்டி சைலன்சருக்கு எதிரே வைத்தாள். அம்மா ஜாஸ்பின், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார்.

"இப்ப மிதிங்கப்பா."

தாள் படபடத்தது, கருத்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது குண்டூசி குத்தியதுபோல நாலைந்து ஓட்டைகள் தெரிந்தன. ஓரமெல்லாம் கருகியிருந்தது.

சாம்சுந்தர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விடிந்தால் இந்த வேன் பட்டாசுக் கம்பெனிக்குள் போகவேண்டும்.

"இம்புட்டு வருசமா ஒரு பொறிகூட வந்ததில்லையே பாப்பா. சும்மா ஒரு சட்டத்துக்குத்தான் மாட்டச் சொல்றாகன்னு நெனச்சேன்."

"வலை இருந்துச்சு. அதான் வரல."

அப்பா எழுந்தார். வலையை எடுத்து வந்தார். இதை மாட்டினால் வேன் மறுபடி முனகும், ட்ரிப் போய்விடும். அவர் முகம் வாடியதைப் பார்க்க பெர்சிஸுக்குப் பாவமாக இருந்தது. அவள் வலையை வாங்கி வானத்துக்கு நேராகப் பிடித்தாள். வானம் தெரியவே இல்லை. வலையின் கண்களெல்லாம் கரியால் அடைத்திருந்தன.

"டீ வடிகட்டி அடைச்சா அம்மா கழுவத்தான செய்றாக? தூக்கியா எறியிறாக? இதையும் கழுவலாமேப்பா."

கொஞ்சம் டீசலில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து மாட்டினார்கள். வேன் நன்றாகவே ஓடியது. எதிரே வைத்த புதுத் தாளில் கரி மட்டும்தான், ஓட்டை ஒன்றுகூட இல்லை. புகை போக வழியில்லாமல் மூச்சு முட்டியதால்தான் வேன் அத்தனை டீசலைக் குடித்திருக்கிறது!

சாம்சுந்தர் மகளைத் தூக்கிச் சுற்றினார். சுற்றும்போதே பெர்சிஸ் கேட்டாள்:

"வலையைக் கழட்டுனதை வேற யாருகிட்டயாவது சொன்னீகளாப்பா?"

அப்பா அவளை மெதுவாக இறக்கிவிட்டார். விஸ்வநத்தத்தில் இருக்கும் முனியராஜிடம் சொல்லியிருந்தார். சொன்னதோடு விடாமல் பெருமையும் அடித்திருந்தார். அதே கம்பெனிக்கு இன்னொரு வேன் ஓட்டுகிறவர் முனியராஜ். இப்போது போன் செய்தால் கேலி செய்தே கொன்றுவிடுவார். காலையில் நேரில் சொல்லிக்கொள்ளலாமே என்று அப்பா இழுத்தார்.

"காலையில அவுக வேன்ல சம்சாத் அக்கா ஏறிருவாகளே" என்றாள் பெர்சிஸ். சம்சாத், முனியராஜ் வேனில் தினமும் வேலைக்குப் போகிறவர்.

அப்பா போனை எடுத்தார். "ஏலே முனியராஜ், நான் சொன்னது மடத்தனம்லே. வலையைக் கழட்டிராத."

முனியராஜ் அதற்குள் கழற்றியே விட்டார். காலண்டர் தாளில் விழுந்த ஓட்டைகளைப் பற்றிக் கேட்டதும் கேலி செய்யத் தோன்றவில்லை அவருக்கு. கரி படிந்த வலையோடு உடனே பைக்கில் வந்துவிட்டார். ஆளுக்கொரு பிரஷ்ஷோடு உட்கார்ந்து தேய்த்தார்கள். பெர்சிஸ் மூக்கிலும் கரி.

வாரக் கடைசியில் முதலாளி டீசல் கணக்கைப் பார்த்தார். ட்ரிப் உனக்கேதான் என்றவர், வேனில் என்ன மாற்றினாய் என்று கேட்டார். சாம்சுந்தர் எதையும் மறைக்கவில்லை. கழற்றியது, தாளில் ஓட்டை விழுந்தது, மகள் கண்டுபிடித்தது எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி எழுந்துபோய், வரிசையாக நின்ற வேன்களின் சைலன்சரை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

அப்பா வீட்டில் இதைச் சொன்னபோது, தெருவில் பிள்ளைகள் விளையாட வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெர்சிஸ் நகரவில்லை.

"எல்லா வேன்லயும் வலை இருந்துச்சாப்பா?"

"எல்லாத்துலயும் இருந்துச்சு பாப்பா."

அப்புறம்தான் அவள் விளையாட ஓடினாள்.