காலி நாற்காலியில் கொசுக்கள்

ஏரிக்கரையில் கூடாரம் போடலாம் என்பது என் கணவரின் யோசனை. கொசு மருந்து மட்டும் என் பொறுப்பு. எங்கள் மகளைக் கொசு கடித்தால் முகம் வீங்கிக் கண்ணே மூடிக்கொள்ளும். வண்டியை விட்டு இறங்கியதும் அவள் கை, கால், கழுத்து என்று ஓர் இடம் விடாமல் அடித்துத் தடவினேன். நானும் போட்டுக்கொண்டேன். இவரோ போட்டுக்கொள்ளாமல் இருக்க ஆயிரம் சாக்கு சொன்னார். கெஞ்சிக் கூத்தாடி அவருக்கும் நானே அடித்துவிட்டேன். இதற்குப் பெயர் உல்லாசப் பயணமாம்.

பொழுது சாய்ந்தது. தண்ணீரிலிருந்து அழுகிய இலை நாற்றம் எழுந்தது. கொசுக்களின் ரீங்காரம் காதைத் துளைத்தது. ஆனால் ஒன்றுகூட எங்கள்மேல் உட்காரவில்லை.

"பாத்தீங்களா? சொன்னா கேக்கணும்," என்றேன்.

அவர் என் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் மூன்று பேர். மடக்கு நாற்காலிகள் செட்டாகத்தான் வரும் என்று நான்கு வாங்கியிருந்தார். நான்காவது நாற்காலியில் கொசுக்கள் அப்பியிருந்தன.

துணியில் அல்ல. துணிக்கு மேலே, அந்தரத்தில்.

இரண்டு முழங்கால்கள். மடியில் வைத்த கைகள். குனிந்த தலை.

ஒவ்வொரு கொசுவின் வயிறும் இரத்தம் குடித்து உப்பியிருந்தது.

"பாவம்மா," மகள் கிசுகிசுத்தாள். "அவங்களுக்கு யாரும் மருந்து போட்டுவிடலையா?"

"பேசாதடி. மெதுவா வண்டிக்கு நட."

கணவரிடம் அடிக்குரலில் சொன்னேன்: "அதையே பாத்துக்கிட்டு இருங்க. நகந்தா சொல்லுங்க. வேற எதையும் செஞ்சு தொலைக்காதீங்க."

என் பேச்சை அவர் என்றைக்குக் கேட்டார்? மருந்து டப்பாவை எடுத்து, அதன்மேல் தலை முதல் கால் வரை புஸ்ஸென்று அடித்துத் தீர்த்துவிட்டார்.

கொசுக்கள் கலைந்தன. நாற்காலி காலி.

"போயிடுச்சு," என்றார், பெரிய சாதனை செய்தவர் மாதிரி.

"கொசுதாங்க போயிடுச்சு! அது எங்க நிக்குதுன்னு இப்ப எப்படித் தெரியும்?"

நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ எழுந்ததுபோல.

போட்டது போட்டபடி ஓடினோம். பின் சீட்டில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வழியெல்லாம் எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. தெருவிளக்குகள் தெரிந்ததும் அவர், "பாரு, ஒண்ணும் ஆகல," என்றார்.

அவர் வார்த்தையை நம்பி என்னால் வீடு போய்ச் சேர முடியாது. அது கூடவே வந்திருக்கிறதா என்று கொசுவுக்குத்தான் தெரியும். ஒரு கொசுகூட அண்டவிடக் கூடாது என்று அத்தனை பாடுபட்ட நான், என் கையாலேயே ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

ஒரு கொசு உள்ளே வந்தது. என் முகத்தருகே சுற்றிவிட்டு விலகியது. மகளையும் விட்டது. அவள் தோளுக்கு ஒரு விரற்கடை மேலே, வெறும் காற்றில் உட்கார்ந்தது.

மருந்து அடிப்பதைக்கூட இந்த மனிதர் ஒழுங்காகச் செய்யவில்லை. எங்கோ ஓர் இடம் விட்டிருக்கிறார்.

கொசுவின் வயிறு மெல்லச் சிவந்தது.