நாலாம் நிலையத்தில் தண்ணீர்

நாலாம் நிலையம் அந்தச் சொல்லை இன்றும் விட்டுவிட்டது.

வெள்ள ஒத்திகை நாளில் வானொலியில் யார் பேசினாலும் முதலிலும் கடைசியிலும் ‘பயிற்சி’ என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது நிஜ ஆபத்து. ஒத்திகையை அங்கேயே நிறுத்திவிட்டுத் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட வேண்டும். மாடி அறையில் உட்கார்ந்து எல்லா நிலையங்களின் செய்தியையும் நோட்டில் பதிகிற அக்காவுக்கு இது தலைகீழ்ப் பாடம். ஆனால் நாலாம் நிலையத்தில், கடைவளாகத்தின் தரைக்கு அடியிலுள்ள கீழ்த்தளத்தில், தனியாக இருப்பது அவளுடைய தம்பி. போன இரண்டு ஒத்திகையிலும் இதே மறதி. இன்னொரு தடவை மறந்தால் மீட்புக் குழுவிலிருந்து பெயரை அடித்துவிடுவேன் என்று குழுத் தலைவர் சொல்லியிருந்தார்.

“கணுக்கால் வரைக்கும் தண்ணி. ஓவர்.”

அவன் படிக்க வேண்டிய ஒத்திகைத் தாளிலும் அதுதான் முதல் வரி. தலைவர் டீ குடிக்கப் போயிருந்தார். “உன்னைக் கட்டி மேய்க்க என்னால ஆகாதுடா சாமி” என்று முணுமுணுத்துக்கொண்டே, அவன் சொல்லாத சொல்லை அவளே நோட்டில் அந்த வரிக்கு முன்னும் பின்னும் எழுதினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, “முழங்கால். ஷட்டரத் தூக்க முடியலக்கா.”

ஷட்டர் தாளில் இல்லை. அவன் குரலுக்குப் பின்னால், காலி இடத்தில் தண்ணீர் கொட்டி நாலு சுவரிலும் மோதித் திரும்புகிற இரைச்சல் கேட்டது. எங்கேயோ வாளியைக் கவிழ்த்து வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்துச் சிரித்தாள்.

“நடிப்பெல்லாம் போதும். தாள்ல இருக்கறத மட்டும் படி.”

எழுதினாள். பயிற்சி. பயிற்சி.

“இடுப்பு.”

தாள் அதோடு முடிந்தது. அவள் பேனாவை மூடினாள். ஜன்னலுக்கு வெளியே சாயங்கால வெயிலில் தெரு காய்ந்து கிடந்தது. ஆனாலும் அறைக்குள் நனைந்த சிமென்ட்டின் வாடை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

“மார்பு.”

தாளைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

“டேய், பயிற்சின்னு சொல்லு. சொல்லித் தொலைடா!”

கரகரப்பு. மூச்சு.

“கழுத்துக்கா.”

தீயணைப்பு நிலையத்துக்கு போன் அடித்தாள். இடத்தைச் சொன்னாள். என் தம்பிங்க, என் தம்பிங்க என்று கதறினாள்.

“எவ்வளவு நேரமா தண்ணி ஏறுதும்மா?”

நோட்டைப் பார்த்தாள். நாற்பது நிமிடம். அவள் கையெழுத்திலேயே இருந்தது.

போனை வைத்தாள். வானொலியில் சத்தமே இல்லை.

படியில் காலடி. சொத். சொத். மெதுவாக.

கதவு திறந்தது. தம்பி.

“அப்பாடா! வந்துட்டியாடா? உசிரே போயிடுச்சுடா எனக்கு!”

அவன் உள்ளே வரவில்லை. நிலைப்படியிலேயே நின்றான். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கைவானொலியை உதட்டருகே கொண்டுபோய் பொத்தானை அழுத்தினான். வாயைத் திறந்தான்.

தண்ணீர் கொட்டியது. சட்டையில். தரையில். நிற்காமல்.

குரல் மட்டும் மேசைமேல் இருந்த ஸ்பீக்கரில் கேட்டது. திட்டு வாங்கிய பிள்ளை ஒப்பிப்பதுபோல், ஒரு சொல்லும் விடாமல்.

“பயிற்சி. தலைக்கு மேல தண்ணி. பயிற்சி.”