பச்சை எரியும் கிளி

பல்லாவரம் சந்தையில் கூண்டுக் கதவுகள் எல்லாம் திறந்தே கிடந்தன. ஒரு கிளிகூடப் பறக்கவில்லை.

"கதவும் திறந்திருக்கு, வானமும் திறந்திருக்கு. போகுதா பாருங்க சார்! நம்ம பெத்த பிள்ளைங்க இப்படி இருக்குமா?" என்றபடி அருணாசலம் கிளியின் தலைக்கு மேல் இசைவுமானியைப் பிடித்தார். பறவையின் மூளையைப் படிக்கும் கருவி அது. கூண்டில் இருக்க விருப்பம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. சிவப்பை விற்றால் சிறை.

பச்சை எரிந்தது.

"பாவம் ஒண்ணும் வராதே?" என்றார் வாங்க வந்தவர்.

"இதை வெளிய விரட்டினாதான் சார் பாவம்."

அருணாசலம் சொன்ன விலையை வந்தவர் கொடுத்துவிட்டுப் போனார். நிம்மதியை வாங்கும்போது யார் பேரம் பேசுகிறார்கள்?

கருவி வந்த புதிதில் எல்லாப் பறவைக்கும் சிவப்புதான். சந்தையே ஈயோட்டியது. அருணாசலம்தான் வழி கண்டார். கொட்டகையில் குஞ்சுகளைத் திறந்துவிட்டு, மேலே ஓர் இயந்திர வல்லூறைப் பறக்கவிடுவார். அது கொல்லாது, கீறும். கூண்டுக்குள் ஓடினால் விட்டுவிடும். சில வாரங்களில் குஞ்சுக்கு வானம் என்றாலே நடுக்கம் வந்துவிடும்.

அன்று மதியம் மகள் பூங்கோதையின் பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். "அவ வாசலைத் தாண்டினா உங்க மாப்பிள்ளை அடிக்கிறான், உள்ள ஓடினா கொஞ்சுறான். என்னன்னு வந்து பாருங்கய்யா."

அருணாசலம் காவல் ஆய்வாளர் ரெஜினாவைக் கையோடு கூட்டிப்போனார். மருமகன் விமலன் சிரித்த முகமாகக் கதவைத் திறந்தான். "வாங்க மாமா. எங்கயாவது பூட்டு இருக்கா, நல்லாத் தேடிப் பாருங்க."

பூங்கோதை சுவரோரம் நின்றாள்.

"வாம்மா, நம்ம வீட்டுக்குப் போகலாம்."

அவள் வாசலைப் பார்த்தாள். ஓரடி பின்வாங்கினாள். "நான் வரலப்பா."

ரெஜினா இசைவுமானியை அவள் நெற்றியருகே பிடித்தார். இப்போதெல்லாம் மனிதர்களுக்கும் அதுதான் சாட்சி. பளிச்சென்று பச்சை.

"விரும்பித்தான் இருக்காங்க, ஐயா."

அது எப்படி விளைந்த பச்சை என்று அருணாசலத்துக்குத் தெரியாதா? "மேடம், பயமுறுத்தியே பச்சை வரவைக்கலாம். என் சரக்கு அத்தனையும் அப்படித்தான். கொட்டகையைக் காட்டறேன், என்னை உள்ள போடுங்க. இவளை மட்டும் விடச் சொல்லுங்க."

"உங்களை எதுக்குய்யா உள்ள போடணும்?" ரெஜினாவின் குரல் தணிந்தது. "இசைவுக்குக் காரணம் கேக்கக் கூடாதுன்னு கோர்ட்ல தீர்ப்பு வாங்கினதே உங்க சந்தைச் சங்கம்தானே. அது பறவைக்கு மட்டும்னு எங்கயும் எழுதலையே."

ரெஜினா தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"இருந்து காபி சாப்பிட்டுப் போங்க மாமா" என்றான் விமலன்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் பூங்கோதை அடுக்களைக்கு ஓடினாள். டம்ளரை அப்பாவின் கையில் கொடுத்தாள். தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து கிசுகிசுத்தாள்.

"வெளிய போகாதீங்கப்பா. நீங்களும் இங்கயே இருந்துடுங்க."